முதல் ஏர்பிரஷ், 12 ஆயிரத்துக்குள்ள எது வாங்கலாம்? (வீட்ல கைக்குழந்தை இருக்கு, சத்தமும் முக்கியம்)

நாட்_பைத்தியம்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டி, பிரஷ்லயே பெயிண்ட் அடிச்சு ஓட்டிட்டு இருக்கேன். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட 72 ஸ்கேல்ல (நிஜத்துல 72ல ஒரு பங்கு) ஒரு ஹன்டர், ஒரு நாட் (ரெண்டும் நம்ம விமானப்படை ஓட்டின போர் விமானம்) முடிச்சிருக்கேன், ரெண்டடி தள்ளி நின்னா நல்லாதான் இருக்கு, கிட்ட போனா சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கோடு கோடா தெரியுது. அடுத்து இன்னொரு நாட் பெட்டி பிரிக்காம வெச்சிருக்கேன், 65 பாகிஸ்தான் போர்ல இருந்த மாதிரி ஃபுல் சில்வர்ல பண்ணணும்னு ஆசை. அதனால காத்துல பெயிண்ட்டை தூறலா தெளிக்கற ஏர்பிரஷ் வாங்கலாம்னு இருக்கேன்.

பட்ஜெட் 12 ஆயிரம், போனஸ்ல எனக்குன்னு ஒதுக்கினது, அதுக்கு மேல ஒரு ரூபா கேட்டாலும் வீட்ல பஞ்சாயத்து ஆயிடும். இருக்கறது வேளச்சேரில ரெண்டாவது மாடி, எட்டு மாச பாப்பா, ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் எனக்கு டைம் கிடைக்கும். ஆன்லைன்ல கன் (ஏர்பிரஷ்தான்), அதுக்கு காத்து குடுக்கற கம்ப்ரசர், ஹோஸ், 0.2 0.3 0.5 மில்லிமீட்டர்ல மூணு ஊசி எல்லாம் போட்டு காம்போ பெட்டி வருதே அது வாங்கலாமா? ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் 0.2 இருந்தாதான் மெல்லிசா கோடு வரும், அதையே வாங்குன்றான்.

ஸ்ப்ரூ_சித்தப்பா:
வாங்க தம்பி. மொதல்ல அந்த 0.2 கதையை விடுங்க. ஊசி சின்னதா இருந்தா கோடு மெல்லிசா வரும்ங்கறது பாதிதான் நிஜம், மீதி காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க, பெயிண்ட்டை எவ்வளவு கரைச்சீங்க, முனையை எவ்வளவு கிட்ட புடிக்கிறீங்க, இதுலதான் இருக்கு. 0.2ல அக்ரிலிக் போட்டா ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் முனை அடைக்கும், புதுசா கத்துக்கறவருக்கு கடுப்பாகி கன்னை பீரோ மேல தூக்கி போட்டுடுவீங்க. 0.3, இல்ல 0.35. 72 ஸ்கேல் காமோவும் (மறைப்புக்கு பூசற திட்டுத் திட்டான கலர்) வரும், ப்ரைமரும் (பெயிண்ட் புடிக்க அடியில போடற கோட்) நல்லா கரைச்சா போகும், சில்வரும் அடைக்காது.

ரெண்டாவது, டபுள் ஆக்ஷன், மேல கப் இருக்கற கிராவிட்டி ஃபீட். ட்ரிகரை அமுக்கினா காத்து, பின்னாடி இழுத்தா பெயிண்ட். அடியில பாட்டில் மாட்டுற சைஃபன் டைப் வேண்டாம், அதுக்கு காத்து ஜாஸ்தி வேணும், நாலு சொட்டு பெயிண்ட்ல ஒரு இறக்கை முடிக்கற வேலைக்கு அது சரிப்படாது.

மூணாவதுதான் முக்கியம். காசை கம்ப்ரசர்ல போடுங்க, கன்ல இல்ல. டேங்க் வெச்சது, காத்தை கூட்டிக் குறைக்கற ரெகுலேட்டரும், காத்துல வர்ற தண்ணியை புடிக்கற வாட்டர் ட்ராப்பும் கூடவே வர்றது, ஏஎஸ் 186 னு நம்பர் போட்டு பல பேர்ல விக்கறாங்களே அந்த மாடல். மூணு லிட்டர் டேங்க், எண்ணெய் இல்லாத பிஸ்டன், காத்தழுத்தம் 4 பார் வந்தா தானா நிக்கும், 3 பாருக்கு இறங்கினா தானா ஓடும். கன் ஆயிரத்து சொச்சத்துக்கு வர்ற 130 டைப் சைனா போதும். ஊசியை வளைச்சு, நாசிலை (பெயிண்ட் வெளிய வர்ற முனை) ஒடைச்சு, ட்ரிகரை தொலைச்சு எல்லாம் அதுல பண்ணி கத்துக்கங்க.

ஒரே_கன்:
சித்தப்பா சொன்னதுல கம்ப்ரசர் வரைக்கும் ஒத்துக்கறேன், கன் விஷயத்துல இல்ல. நானும் ஆயிரம் ரூபா கன்லதான் ஆரம்பிச்சேன், ஆறு மாசம் என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். பெயிண்ட் துப்புது, கப்ல காத்து முட்டை முட்டையா வருது, ட்ரிகர் பாதில சிக்குது. அப்புறம் ஒருத்தர்கிட்ட ஐவாட்டா நியோ சிஎன் கன்னை கடன் வாங்கி அடிச்சு பாத்தேன், அதே பெயிண்ட் அதே காத்து, முதல் நாளே கோடு வந்துச்சு. அன்னிக்குதான் தெரிஞ்சுது தப்பு என் கைல இல்லன்னு. கத்துக்கறவனுக்குதான் நல்ல டூல் வேணும், கை தேர்ந்தவன் எதுலயும் அடிச்சிடுவான்.

அந்த சைனா கன்ல இன்னொரு தொல்லை, நாசில் நெல்லுமணி விட சின்னது, அதுல மயிரிழை மாதிரி மரை, குட்டி ஸ்பானர் வெச்சு முடுக்கணும். கொஞ்சம் கூட முடுக்கினா மரை ஒடைஞ்சு உள்ளயே நின்னுடும், அதோட கன் காலி. ஹார்டர் ஸ்டீன்பெக் கம்பெனி கன்ல எல்லாம் நாசில் சும்மா உக்காரும், முன்னாடி மூடி முடுக்கினாலே போதும், ஸ்பானரே வேண்டாம்.

ஸ்ப்ரூ_சித்தப்பா:
நியோலயும் அதே குட்டி மரை நாசில்தானே சார் :) மரை ஒடையுதுன்னா அது கை முரட்டுத்தனம். விரலால திருகி உக்கார்ற வரைக்கும் போய், ஸ்பானர்ல ஒரு தொடு, அவ்வளவுதான். மரைல துளி தேன்மெழுகு தடவினா காத்தும் கசியாது. கப்ல முட்டை வருதுன்னா பாதி கேஸ் நாசில் லூசா இருக்கு, மீதி கேஸ் நாசில் விரிசல் விட்டிருக்கு, ஐம்பது ரூபா சமாச்சாரம்.

ஒரே_கன்:
நியோ நாசில் பத்தி சொன்னது சரிதான், மறுக்கல. ஆனா ஊசியும் நாசிலும் ஒண்ணுக்கொண்ணு நடுவுல சரியா நிக்கணும் பாருங்க, அங்கதான் வித்தியாசம். மலிவு கன்ல பத்துல சிலது அருமையா இருக்கும், சிலது பொறந்ததுலருந்தே கோணல். இவருக்கு எது வரும்னு யார் சொல்றது? ஜோசியமா?

மதுரை_72:
ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்குள்ள நான் சொல்லிடறேன். கம்ப்ரசரே வேற மாதிரி யோசிக்கலாம். நான் வெச்சிருக்கறது ஹார்டுவேர் கடைல கிடைக்கிற 24 லிட்டர் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர், ஓடினா தெருவே எந்திரிக்கும், உண்மைதான். ஆனா நான் சாயங்காலம் ஆறு மணிக்கு 8 பார் வரைக்கும் ரொப்பி சுவிட்சை அணைச்சிடுவேன். ராத்திரி வேலை செய்யறப்ப சத்தமே இல்ல, டேங்க்ல இருக்கற காத்துலதான் ஓடும். கணக்கு போட்டு பாருங்க, 8 லருந்து 2 பார் வரைக்கும் இறங்கினா 24ஐ ஆறால பெருக்கி 144 லிட்டர் காத்து, கன் நிமிஷத்துக்கு பத்து பன்னெண்டு லிட்டர் குடிச்சா ட்ரிகரை விடாம அமுக்கினாலும் பன்னெண்டு நிமிஷம் வரும். நாம யாரு விடாம அமுக்கறோம், அடிக்கறது அஞ்சு செகண்டு, உத்து பாக்கறது ஒரு நிமிஷம். ஒரு விமானத்துக்கு ஒரு கோட் தாராளமா போகும்.

இதே கணக்குல அந்த மூணு லிட்டர் டேங்கை பாத்தீங்கன்னா 4 லருந்து 3 பார் இறங்க வெறும் மூணு லிட்டர்தான், பதினஞ்சு இருபது செகண்டுல மோட்டர் திரும்ப ஓட ஆரம்பிச்சிடும். அந்த டேங்க் காத்து சேத்து வெக்கறதுக்கு இல்ல, பிஸ்டன் துடிப்பு கன் வரைக்கும் வராம இருக்கறதுக்குதான். பல பேர் இது தெரியாம டேங்க் இருக்கே மோட்டர் ஏன் நிக்கவே மாட்டேங்குதுன்னு கேப்பாங்க.

நாட்_பைத்தியம்:
அண்ணே கணக்கு சூப்பர், ஆனா எங்க வீட்ல 24 லிட்டர் வெக்க எடமே இல்ல, கட்டிலுக்கு அடியில பாப்பா டயப்பர் பாக்கெட் அடுக்கி வெச்சிருக்கு. 186 சத்தம் எப்படி? பக்கத்து ரூம்ல பாப்பா தூங்கும்.

இன்னொண்ணு, நியூஜெர்சில இருக்கற மச்சான் அடுத்த மாசம் வர்றாரு. பேட்ஜர் பேட்ரியாட் கன்னும் கம்ப்ரசரும் வாங்கிட்டு வரவான்னு கேக்கறாரு. அங்க விலை கம்மியாமே?

ஸ்ப்ரூ_சித்தப்பா:
சத்தம் ஃபிரிட்ஜை விட கூட, மிக்ஸியை விட ரொம்ப ரொம்ப கம்மி. கதவை சாத்தி, அடியில பழைய யோகா மேட் ரெண்டா மடிச்சு போட்டீங்கன்னா தரை அதிராது. சத்தத்தை விட கீழ் வீட்டுக்கு போற அதிர்வுதான் சண்டை இழுக்கும்.

ஸ்காபரோ_பெடியன்:
வணக்கம் தம்பி. நான் இஞ்ச கனடாவில இருக்கிறன், இந்த விசயத்தில சூடு கண்ட ஆள் எண்டதால சொல்லுறன். கன் வேணுமெண்டால் கொண்டுவரச் சொல்லுங்கோ, கம்ப்ரசரைத் தொடவே வேண்டாம் எண்டு மச்சானிட்ட சொல்லிப்போடுங்கோ. இஞ்ச கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நான் யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர தம்பிக்கு ஒரு கம்ப்ரசர் ஆசையாக் கொண்டுபோய்க் குடுத்தனான், அவன் அவசரத்தில 230 வோல்ட் பிளக்கில நேரா செருகிப்போட்டான், ரெண்டு செக்கனில புகை, வீடு முழுக்க மணம், அம்மா இண்டைக்கும் சொல்லிக் காட்டுறா. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஆனா 60 ஹேர்ட்ஸ் மோட்டரை 50 இல ஓட்டினால் மெதுவா ஓடிச் சூடேறும். அந்தக் காசுக்கு அங்கயே வாங்கலாம்.

கன்னிலயும் ஒரு விசயம் இருக்கு. பேட்ஜர், பாஷே ரெண்டு கம்பெனிக் கன்னுக்கும் ஹோஸ் கொளுவுற மரை வேற. உங்கட கம்ப்ரசரோட வாற ஹோஸ் அநேகமா எட்டிலொரு பங்கு இன்ச் பிஎஸ்பி மரை, ஐவாட்டாவும் சைனாக் கன்னும் அதுக்குத்தான் பொருந்தும். பேட்ஜர் எண்டால் ஒரு அடாப்டரும் சேத்து அங்கயே வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, இல்லாட்டி கன்னைக் கையில வச்சுக்கொண்டு ஒரு மாசம் பாத்துக்கொண்டு இருக்கவேண்டி வரும். பேட்ரியாட் நல்ல கன், ஆனா நாசில் 0.5, ப்ரைமருக்கும் 48 ஸ்கேலுக்கும் அருமை, 72 இல சின்னக் காமோவுக்குக் கொஞ்சம் பழக்கம் வேணும்.

டப்பா_ஸ்ப்ரே:
எதுக்கு இவ்வளவு, சில்வர் ஸ்ப்ரே டின் வாங்கி மொட்டை மாடில ஒரு அடி அடிச்சா முடிஞ்சுது.

ஒரே_கன்:
முடிஞ்சுதுதான், மாடல்ல செதுக்கியிருக்கற பேனல் கோடு எல்லாம் மூழ்கி முடிஞ்சுது.

பேட்டரி_பாண்டி:
சார்ஜ் போட்டு கைலயே புடிச்சிக்கற குட்டி கம்ப்ரசர் கன் வருதே அதை யாரும் சொல்லல? எடம் வேண்டாம், சத்தம் கம்மி. நான் ஒண்ணு வெச்சிருக்கேன், மினியேச்சருக்கு ஓகே. ஆனா உண்மைய சொல்லணும்னா டேங்க் இல்லாததால காத்து துடிக்குது, மெல்லிய கோடு போடறப்ப அது தெரியும், ரெகுலேட்டர் இல்லாததால பத்து பன்னெண்டு பிஎஸ்ஐக்கு (ஒரு பாருக்கும் கீழ) இறக்கி வேலை செய்யறது கஷ்டம். கை வேற வலிக்கும், கன் கனமா இருக்கு.

தின்னர்_வாசம்:
எல்லாரும் மிஷினை பத்தியே பேசறீங்க, எட்டு மாச குழந்தை இருக்கற வீடுன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்கார். 12 ஆயிரத்துல ஒரு பங்கை மாஸ்க்குக்கு ஒதுக்குங்க. துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் எதுவும் தின்னர் ஆவியை தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் (ஆவியை புடிக்கறது) தூசி ஃபில்டரும் போட்ட ரப்பர் ரெஸ்பிரேட்டர் வேணும், பாதுகாப்பு சாமான் விக்கற கடைல கிடைக்கும். பால்கனில அடிங்க, கதவை சாத்திடுங்க, வாசம் போற வரைக்கும் குழந்தையை அந்த பக்கம் விடாதீங்க. நீங்க போட்டுக்கற மாஸ்க் உங்களுக்குதான் காவல், பாப்பாவுக்கு இல்ல.

பெயிண்ட்டும் இதை வெச்சே முடிவு பண்ணுங்க. லாக்கர் வகை, மிஸ்டர் கலர் மாதிரி, ஏர்பிரஷ்ல வெண்ணெய் மாதிரி போகும், ஆனா வாசமும் ஆவியும் மோசம், தீப்பிடிக்கும் வேற, பால்கனில சாமி விளக்கு வெச்சிருந்தா கவனம். வயேகோ கம்பெனியோட மாடல் ஏர்ங்கறது தண்ணி வகை, வாசம் கம்மி, ஆனா முனைல காஞ்சு காஞ்சு அடைக்கும், ப்ரைமர் இல்லாம பிளாஸ்டிக்ல புடிக்காது, மாஸ்கிங் டேப் எடுத்தா தோலோட வரும். நடுவுல டாமியா அக்ரிலிக் இருக்கு, எக்ஸ்எஃப் மேட் கலர்ஸ், அது ஆல்கஹால் கலந்தது, அவங்களோட எக்ஸ் 20ஏ தின்னர் போட்டா அடக்கமா போகும். முதல் கன்னுக்கு நான் சொல்றது டாமியாதான். அதுக்கும் மாஸ்க் வேணும், தண்ணி வகைக்கும் வேணும், பொடியா பறக்கறது எல்லாம் நுரையீரலுக்குள்ளதான் போகுது.

ஸ்ப்ரூ_சித்தப்பா:
நான் இருபது வருஷமா கன்னை என்சி தின்னர்ல (லாக்கர் தின்னர்) கழுவறேன், கைக்குட்டை கட்டிட்டு, ஒண்ணும் ஆகல.

தின்னர்_வாசம்:
அண்ணே உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்றது உங்க அதிர்ஷ்டம், அவர் பாப்பாவுக்கு அதை ப்ரிஸ்கிரிப்ஷனா எழுதாதீங்க. கன்னுக்குமே கெடுதிதான், மலிவு கன்ல ரப்பர் ஓ ரிங் இருக்கும், என்சில ஊற வெச்சா உப்பி போயிடும், டெஃப்லான் ரிங் இருந்தாதான் தாங்கும். வயேகோ ஓட்டின கன்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊத்தினா பெயிண்ட் பிசின் மாதிரி திரண்டுக்கும், அதுக்கு அவங்க கிளீனர்தான். டாமியாவுக்கு ஐசோப்ரொபைல் பிரச்சனை இல்ல.

நாட்_பைத்தியம்:
மாஸ்க் விஷயம் நான் யோசிக்கவே இல்ல, நன்றி. எவ்வளவு தின்னர் ஊத்தணும், எவ்வளவு காத்து வெக்கணும்னு ஒரு நம்பர் சொல்லுங்களேன். யூட்யூப்ல எல்லாரும் பால் மாதிரி பால் மாதிரின்றாங்க, எந்த பால்?

ஸ்ப்ரூ_சித்தப்பா:
ஆவின் நீலப் பாக்கெட். ஆரஞ்சு பாக்கெட் கெட்டி, அது வேண்டாம். டாமியான்னா ஒரு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு தின்னர்ல ஆரம்பிங்க, கோடு போடணும்னா ஒண்ணுக்கு ரெண்டு. கப் சுவத்துல குச்சியால இழுத்து விட்டா வழிஞ்சு எறங்கி பின்னாடி லேசா சாயம் நிக்கணும், அதுதான் பதம். காத்து பதினஞ்சு பிஎஸ்ஐ, ட்ரிகரை அமுக்கி காத்து போயிட்டு இருக்கறப்ப முள்ளு காட்டுற நம்பர், சும்மா இருக்கறப்ப காட்டறது இல்ல, ரெண்டுக்கும் நாலஞ்சு வித்தியாசம் வரும். கோடு பரவி எட்டுக்கால் பூச்சி மாதிரி கால் விட்டு ஓடுச்சுன்னா பெயிண்ட் தண்ணியா இருக்கு, இல்ல காத்து ஜாஸ்தி. சொரசொரன்னு மணல் மாதிரி உக்காந்தா கெட்டி, இல்ல தூரம் ஜாஸ்தி, வழிலயே காஞ்சிடுது.

ட்ரிகர்ல ஒரே ஒரு பழக்கம் மட்டும் மொத நாள்லருந்து வெச்சுக்கங்க. காத்து மொதல்ல, பெயிண்ட் அப்புறம், முடிக்கறப்ப பெயிண்ட் மொதல்ல நிக்கணும், காத்து கடைசியா நிக்கணும். இது மாறுச்சுன்னா அடுத்த தரம் அமுக்கறப்ப ஒரு பெரிய சொட்டு மாடல் மேல தெறிக்கும்.

மதுரை_72:
சென்னைன்றீங்க, தண்ணி விஷயம் சொல்லணும். உங்க ஊர் ஈரக்காத்துல டேங்க்ல நல்லாவே தண்ணி சேரும், வேலை முடிஞ்சதும் டேங்க் அடியில இருக்கற திருகை திறந்து விட்ருங்க, இல்லன்னா உள்ள துரு. கம்ப்ரசர்லயே இருக்கற ட்ராப் மட்டும் பத்தாது, அங்க காத்து இன்னும் சூடா இருக்கும், ஆவி அப்படியே தாண்டி போய் ஹோஸ்ல ஆறினதும் தண்ணியா மாறும். கன்னுக்கு கீழ திருகற குட்டி ட்ராப் ஒண்ணு கிடைக்கும், வாங்கி போட்டுக்கங்க, இறக்கை நடுவுல ஒரு தண்ணி சொட்டு விழுந்தா அழுகையே வந்துடும். அந்த ஈரத்துல லாக்கர் அடிச்சா வெள்ளையா பூத்துக்கும், அதுக்காகவாவது டாமியா பக்கமே இருங்க.

ஸ்ப்ரூ_சித்தப்பா:
ஒரே_கன் சாருக்காக ஒரு பாயிண்ட் விட்டுக்குடுக்கறேன். மலிவு கன் வந்ததும் பெயிண்ட் ஊத்தறதுக்கு முன்னாடி ஊசியை உருவி, முனையை நகத்து மேல மெல்ல இழுத்து பாருங்க, கீறிச்சுன்னா முனை வளைஞ்சிருக்கு, திருப்பி அனுப்பிடுங்க. கப்ல சுத்தமான தண்ணி ஊத்தி அடிங்க, பூ மாதிரி வட்டமா, ஒரு பக்கம் சாயாம வரணும். முட்டை வந்தா நாசிலை பாருங்க. இந்த மூணு சோதனைல தேறுச்சுன்னா அது நல்ல ஜாதகம்.

ஒரே_கன்:
இதை ஏத்துக்கறேன். தேறலன்னா ரிட்டர்ன் போட்டுட்டு ஒரு மாசம் பொறுத்து நியோவே வாங்குங்க. அந்த மூணு ஊசி காம்போ பெட்டி மட்டும் வேண்டாம், அதுல வர்ற கம்ப்ரசர் பெரும்பாலும் டேங்க் இல்லாதது.

அப்புறம் அந்த சில்வர். மொத ஏர்பிரஷ் வேலைக்கு வெறும் மெட்டல் ஃபினிஷ் எடுக்காதீங்க, ப்ரைமர்ல ஒரு தூசி, ஃபியூஸ்லாஜ் (விமானத்தோட உடம்பு) ஜாயிண்ட்ல ஒரு கீறல் இருந்தாலும் சில்வர் போட்டதும் டார்ச் அடிச்ச மாதிரி தெரியும். அடியில பளபளன்னு கறுப்பு கோட் வேற போடணும். 71 போர் சமயத்துல காமோ பூசின நாட்டும் இருந்துச்சு, அதை எடுங்க. அப்ப அவசர அவசரமா பூசினதும் உண்டு, ஒரிஜினலே கொஞ்சம் ஏனோதானோன்னுதான் இருக்கும், உங்க கோடு நடுங்கினாலும் அது வரலாறுன்னு சொல்லிக்கலாம்.

நாட்_பைத்தியம்:
அப்டேட். மூணு வாரம் ஆச்சு. 186 டைப் கம்ப்ரசர் எட்டாயிரத்து சில்லறை, 130 டைப் கன் ஆயிரத்து நானூறு, மாஸ்க்கும் குட்டி ட்ராப்பும் சேந்து மீதி, கணக்கு பன்னெண்டை தாண்டல, டாமியா பாட்டில் நாலு மட்டும் வேற கணக்குல போச்சு (வீட்ல யாரும் இதை படிக்க மாட்டாங்கன்ற தைரியம்).

மொத கன் நகச் சோதனைலயே ஃபெயில், கீறிச்சு, திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டாவது வந்தது தண்ணி பூ மாதிரி வந்துச்சு. ஒரு வாரம் மாடலையே தொடல, காலி தண்ணி பாட்டில், ஐஸ்க்ரீம் ஸ்பூன், பழைய பேப்பர் இதுலயே புள்ளி, கோடு, புள்ளி, கோடு. சித்தப்பா சொன்ன காத்து மொதல்ல காத்து கடைசி, மூணாவது நாள்தான் விரலுக்கு புரிஞ்சுது. பாப்பா கம்ப்ரசர் சத்தத்துக்கு எந்திரிக்கல, ஆனா ரிலீஸ் வால்வை திறக்கறப்ப வர்ற புஸ்ஸுக்கு எந்திரிச்சிடுச்சு. இப்ப அதை காலைல திறக்கறேன், இல்லன்னா ஈரத்துணி சுத்தி.

நேத்து நாட் இறக்கைல பச்சை அடிச்சேன். பிரஷ் கோடு இல்லாத என் மொத விமானம், சும்மா எடுத்து எடுத்து பாத்துட்டே இருக்கேன். ஆனா ஒரு டவுட், பத்து நிமிஷம் ஆனதும் கோடு தடிச்சு, விட்டு விட்டு துப்ப ஆரம்பிக்குது. நாசிலை கழட்டி கழுவணுமா?

ஸ்ப்ரூ_சித்தப்பா:
நாசிலை தொடாதீங்க! முனைல பெயிண்ட் காஞ்சிருக்கு, அவ்வளவுதான். காதுக்கு வெக்கற பட்ஸை தின்னர்ல நனைச்சு ஊசி முனையை முன்பக்கமா லேசா துடைங்க, குத்தாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் துடைச்சா போதும். ராத்திரி முடிக்கறப்ப கப்ல தின்னர் ஊத்தி, முன்மூடியை துணியால பொத்தி லேசா ட்ரிகர் இழுத்து கொப்பளிக்க விடுங்க, ரெண்டு தரம் மாத்தி ஊத்துங்க, ஊசியை பின்னாடி உருவி துடைச்சு திரும்ப சொருகுங்க. மாசத்துக்கு ஒருதரம் நாசில் கழட்டினா போதும், அதுவும் குழந்தை தூங்கறப்ப, தரைல வெள்ளை துண்டு விரிச்சு. கீழ விழுந்தா கிடைக்காது.

ஒரே_கன்:
இறக்கை போட்டோ போடுங்க சார். கிட்டருந்து எடுத்தது.